கைக்குப் பழகியது நெக்தான்: தேய்ந்த எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாற்று தேடுவது

எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் நகரின் ஷோ-பட் கடையில் பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மொத்தமாக வாங்கினார். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். தன்னிடம் மிஞ்சிய மூன்றைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் இருந்த நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரே கிட்டாராக்கினார். 'பிளாக்கி' என்று பெயர்பெற்றது அதுதான். 1980களின் நடுவில் அதற்கு ஓய்வு கொடுத்தார். பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பாடியும் நன்றாகவே இருந்தன, நெக்தான் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து) தேய்ந்துபோயிருந்தது. ஓரங்கள் குறுகியதால் முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் விளிம்பைவிட்டு வழுக்கின. இன்னொரு முறை ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மாற்ற மரமும் இடம்கொடுக்கவில்லை.

1988-இல் ஃபெண்டர் அவர் பெயரில் வெளியிட்ட மாடலைப் பார்த்தால் மாற்றுக் கிட்டார் தேடுவதற்கான வழி தெரியும். அவர் கைக்குப் பழகிய 'வி' வடிவ நெக் அதில் இருந்தது. மின்பகுதியோ முற்றிலும் புதிது: லேஸ் சென்சார் பிக்கப்புகள், நடு அலைவரிசைகளை 25 டெசிபெல் வரை உயர்த்தும் பேட்டரி சர்க்யூட். கைக்கு வேண்டியதை அப்படியே வைத்துக்கொண்டு காதுக்கு வேண்டியதை மாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழையதன் நிறம், பிராண்டு, பிக்கப் பெயர் மூன்றையும் தேடிப்பிடித்து வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்தும் கை பொருந்தவில்லை என்று விற்கிறார்கள். பிக்கப்பை ஒரு மாலையில் மாற்றலாம். நெக்கின் கனத்தை யாராலும் கூட்ட முடியாது.

உண்மையிலேயே ஓய்ந்துவிட்டதா?

கரகரக்கும் வால்யூம் பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மின்தடை), அசைத்தால் ஒலி விட்டுப்போகும் ஜாக், சில நிலைகளில் ஊமையாகும் ஐந்து நிலை சுவிட்ச், பல் தேய்ந்த ட்யூனர் எல்லாம் தேய்வதற்கென்றே உள்ள உதிரிகள். இவற்றுக்காக ஒரு நல்ல கிட்டாரை ஓரங்கட்டுவது அநியாயம். ட்ரெமொலோவை (சுருதியை அசைக்கும் கைப்பிடி) அழுத்திவிட்டால் சுருதி திரும்புவதில்லை என்ற புகாரும் அப்படித்தான். இரண்டு போஸ்ட் பிரிட்ஜில் (பாடியில் கம்பிகள் தங்கும் பாலம்) கத்தி விளிம்பு மழுங்கியிருக்கும், அல்லது போஸ்ட்டில் பள்ளம் விழுந்திருக்கும். போஸ்ட்டையோ பிரிட்ஜையோ மாற்றினால் தீர்ந்தது.

ஃப்ரெட் தேய்மானத்தை அளந்துதான் பேச வேண்டும். மீடியம் ஜம்போ ஃப்ரெட் புதிதில் ஏறக்குறைய 1 முதல் 1.2 மி.மீ. உயரம் இருக்கும். கம்பி அறுத்த பள்ளங்கள் மறையும் வரை எல்லா ஃப்ரெட்டுகளையும் சமமாக்கி மறுபடி உருட்டும்போது 0.1 முதல் 0.2 மி.மீ. போய்விடும். மிஞ்சுவது 0.6 மி.மீ.க்குக் கீழே என்றால் விரல் நுனி மரத்தில் உரசும், பெண்ட் செய்யும்போது (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது) அது விரலுக்கடியில் நழுவும். அந்த நிலையில் சமமாக்குவது பணவிரயம், ஃப்ரெட்டையே மாற்ற வேண்டும். அதையும் எத்தனை முறை செய்யலாம் என்பது மரத்தின் கனத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் ஃபிங்கர்போர்டை (ஃப்ரெட் பதித்த மேல்பலகை) கொஞ்சம் இழைத்துச் சமமாக்குவார்கள். 1962 நடுப்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஃபெண்டர் செய்த ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுகள் மெல்லிய வளைபலகைகள். அவற்றில் இழைக்க இடம் சொற்பம்.

நெக் உண்மையாகவே முடிந்துவிட்டதைக் காட்டும் குறிகள் சில உண்டு. ட்ரஸ் ராடின் (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) திருகு நட் கடைசி வரை இறுகியும் நெக் முன்பக்கமாக வளைந்தே நிற்பது ஒன்று. நட்டைக் கழற்றி அடியில் ஒரு வாஷர் போட்டால் இன்னும் சில திருப்புகள் கிடைக்கலாம், எனவே அதை முதலில் பார்த்துவிடுங்கள். எதிர்மாறாக, நட் முழுக்கத் தளர்ந்தும் நெக் பின்னால் வளைந்திருந்தால் ஒருபக்க ராடால் அதைத் திருத்த முடியாது. தடித்த கம்பி கொஞ்சம் உதவும், அவ்வளவே. மூன்றாவது முறுக்கல். ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலை) பக்கமிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் நட்டும் (இது வேறு நட், தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் சிறு பட்டை) கடைசி ஃப்ரெட்டும் இணையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதல் கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரமான ஆக்‌ஷனைச் சரிசெய்யும்போது ஆறாவது கம்பி கெடும். பிளாக்கிக்கு நேர்ந்ததுபோல விளிம்பு குறுகுவது கடைசிக் குறி.

இத்தனைக்குப் பிறகும், போல்ட் போட்ட நெக் என்றால் முழுக் கிட்டார் வாங்க வேண்டிய அவசியம் வராமல் போகலாம். நான்கு திருகுகளைக் கழற்றிப் புது நெக்கைப் பூட்டலாம். வார்மத், ஆல்பார்ட்ஸ் இரண்டும் ஃபெண்டரின் உரிமம் பெற்று நெக் தயாரிக்கின்றன. அடிப்பகுதி அகலம் 56 மி.மீ.யா, திருகுத் துளைகள் 51க்கு 38 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 21 ஃப்ரெட் நெக் இருந்த பாடியில் 22 ஃப்ரெட் நெக்கும் பெரும்பாலும் உட்காரும். கூடுதல் ஃப்ரெட் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில்தான் இருக்கிறது, ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) மாறுவதில்லை. பிறகு பிக்கார்டை (பாடியின் முன்தகடு) கழற்ற வேண்டுமென்றால் முதலில் நெக்கைக் கழற்ற வேண்டிவரும், அது மட்டும்தான் தொல்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (சுருக்கமாக ஸ்ட்ராட்) நெக் அடி வளைந்தது, டெலிகாஸ்டரின் அடி சதுரமானது; ஒன்றுக்கு மற்றொன்றை ஆர்டர் செய்துவிடாதீர்கள். கிப்ஸனின் லெஸ் பால் போல ஒட்டிய நெக் என்றால் இந்தக் குறுக்குவழி கிடையாது.

கம்பியைக் கழற்றும் முன் அளந்துவையுங்கள்

பழைய கிட்டார் ஓடும் நிலையில் இருக்கும்போதே அளவெடுப்பது முக்கியம். டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், அரை மி.மீ. கோடுள்ள இரும்பு ஸ்கேல், பைக் மெக்கானிக் கடையில் இருக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு: இவை போதும்.

நெக்கின் கனத்தை இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும், முதல் ஃப்ரெட் அருகிலும் 12ஆவது ஃப்ரெட் அருகிலும். கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கி, ஃப்ரெட்டின் தலையில் வைக்காமல் மரத்தின் மேல் காலிப்பரை வைத்து அளக்க வேண்டும். முதல் இடத்தில் 21, 12ஆவதில் 23.5 மி.மீ. பக்கம் வந்தால் அது இன்றைய ஃபெண்டரின் சாதாரண 'சி' நெக். இபனெஸின் விஸார்ட் 3 நெக் 19க்கு 21 மி.மீ. காகிதத்தில் இரண்டு மி.மீ. ஒன்றுமில்லை, கையில் அது வேறு வாத்தியம். ஒரு மி.மீ. மாறினாலே கட்டைவிரல் உட்காரும் இடம் மாறிவிடும்.

கனம் மட்டும் போதாது, தோள் வேண்டும். ஒரே 21 மி.மீ. கனத்தில் ஒரு நெக் ஓரம் சரிந்து மெலிதாகத் தோன்றும், இன்னொன்று ஓரம் நிரம்பிக் கட்டையாகத் தோன்றும். தச்சர்கள் பயன்படுத்தும் கான்டூர் கேஜை முதல் ஃப்ரெட், ஏழாவது, 12ஆவது ஆகிய மூன்று இடங்களில் அழுத்தி, வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டிவையுங்கள். கடைக்குப் போகும்போது இந்த மூன்று அட்டைத் துண்டுகளும் எந்த விளம்பர விவரத்தையும்விட உதவும். 'சி வடிவம்' என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு வடிவம் விற்கிறது.

நட்டின் அகலம் அடுத்தது. பழைய ஃபெண்டர் 41.3, பின்வந்தவற்றில் 42 அல்லது 42.8, கிப்ஸன் ஏறக்குறைய 43 மி.மீ. இதோடு பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உள்ள இடைவெளியையும் எழுதிக்கொள்ளுங்கள். இதை அளக்க யாரும் நினைப்பதில்லை. பழைய ஆறு திருகு ஸ்ட்ராட் பிரிட்ஜில் அது 56 மி.மீ.யை ஒட்டியிருக்கும், இன்றைய இரண்டு போஸ்ட் பிரிட்ஜில் 52.5 பக்கம். அகலமான பிரிட்ஜோடு குறுகிய நெக் சேர்ந்தால் 15ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் முதல் கம்பி விளிம்பில் விழும். வலது கைக்கும் அந்த மூன்றரை மி.மீ. தெரியும், விரலால் மீட்டுபவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஃபிங்கர்போர்டின் ரேடியஸை அறிய கேஜ் வாங்க வேண்டியதில்லை. ஒரு நூலும் பென்சிலும் கொண்டு அட்டையில் 184, 241, 305 மி.மீ. ஆரத்தில் வளைவுகள் வரைந்து வெட்டி, பலகைமேல் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இவை முறையே 7.25, 9.5, 12 அங்குலம்: பழைய ஃபெண்டர், இன்றைய ஃபெண்டர், கிப்ஸன். வளைவு அதிகமான 7.25இல் கார்டு பிடிக்க விரல் இயல்பாக விழும். ஆனால் முதல் கம்பியை மேலே தள்ளி பெண்ட் செய்யும்போது அது பலகையின் மேடான நடுப்பகுதிக்கு ஏறுகிறது. முன்னாலிருக்கும் ஃப்ரெட்டில் உரசி ஸ்வரம் பாதியில் செத்துப்போகிறது. அதைத் தவிர்க்க ஆக்‌ஷனை உயர்த்தத்தான் வேண்டும். பழைய கிட்டாரில் தாழ்ந்த ஆக்‌ஷனில் முழு ஸ்வர பெண்ட் செய்துகொண்டிருந்தவர், 'விண்டேஜ்' என்ற பெயரில் மயங்கி 7.25 வாங்கினால் ஏமாந்துபோவார்.

ஸ்கேல் நீளம் பற்றிச் சுருக்கமாக. 25.5 அங்குலத்திலிருந்து 24.75க்கு மாறினால் அதே கம்பி, அதே சுருதியில் இழுவிசை 6 சதவீதம் குறையும். அரை சைஸ் தடித்த கம்பி போட்டால் இது ஈடாகிவிடும். ஃப்ரெட்டுகள் நெருங்கிவிடுவதை மட்டும் ஈடுகட்ட முடியாது.

பிக்கப்பை அளக்கக் கிட்டாரைத் திறக்க வேண்டாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மறுமுனை ப்ளக்கின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை வைத்தால் ஒவ்வொரு சுவிட்ச் நிலைக்கும் மின்தடை கிடைக்கும். பாட் இணையாக இருப்பதால் எண் கொஞ்சம் குறைந்தே வரும்: 8 கிலோ ஓம் பிக்கப், 250 கிலோ ஓம் பாட் வழியாக 7.75 என்று காட்டும். அறையின் சூட்டையும் கூடவே எழுதுங்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுகிறது, 25 டிகிரியில் 8.0 என்றது 35இல் 8.3 ஆகும். வெயில் நாளில் அளந்துவிட்டுக் கூடுதல் சுற்றுள்ள பிக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு எடை, கம்பி சைஸ், 12ஆவது ஃப்ரெட்டில் ஆக்‌ஷன், பிக்கப்பின் உயரம்.

பெயர் அதே, கிட்டார் வேறு

பழையதன் பெயரையே தேடி வாங்குவது பாதுகாப்பானது என்று தோன்றும். ஃபெண்டரின் அமெரிக்கன் ஸ்டாண்டர்டு ஸ்ட்ராட் 2017-இல் அமெரிக்கன் ப்ரொஃபெஷனலாக மாறியபோது, நெக் 'டீப் சி' என்ற நிறைவான வடிவத்துக்குப் போனது; ஃப்ரெட்டும் ஒடுங்கி உயர்ந்தது. மெக்ஸிகோவில் செய்த ஸ்டாண்டர்டு, 2018-இல் ப்ளேயர் வரிசையானபோது 21 ஃப்ரெட் 22 ஆனது, ஆறு திருகு பிரிட்ஜ் இரண்டு போஸ்ட் ஆனது. விலைப்பட்டியலில் அதே இடம், கையில் வேறு கிட்டார். 2015-இன் கிப்ஸன்களில் நெக் வழக்கத்தைவிட அகலம். பழையது வாங்குபவர்கள் வருடத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

பலகை மரத்துக்கும் ஒரு கதை உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உட்பட ஏறக்குறைய எல்லா ரோஸ்வுட் இனங்களும் 2017 ஜனவரியில், அழியும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அந்த ஆண்டு ஃபெண்டர் தன் மெக்ஸிகோ கிட்டார்களுக்கு பாவ் ஃபெரோ என்ற வெளிர்ந்த, இறுகிய மரத்துக்கு மாறியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட காலக் கிட்டாரை யாராவது ரோஸ்வுட் என்று விற்றால் நிறத்தைப் பாருங்கள். ஒலியில் இந்த மாற்றத்தைப் பெரிதுபடுத்த மாட்டேன். விரலுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கிறது.

பழையது ஃப்ரெட் தேய்ந்துதான் வீழ்ந்தது என்றால், புதியதில் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டைத் தேடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான நிக்கல் சில்வர் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. மென்மையானது, வியர்வை பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். கடலோர ஊர்களில் இது சின்ன விஷயம் அல்ல. ஸ்டீல் பல மடங்கு நாள் தாங்கும், பெண்ட் வழுக்கிக்கொண்டு போகும். மாற்ற வேண்டிவந்தால் மட்டும் கூலி அதிகம், கருவிகளைத் தின்றுவிடும்.

கடையில்

முதல் பத்து நிமிடம் ஆம்ப் வேண்டாம். அட்டைத் துண்டுகளை வைத்துப் பாருங்கள், காலிப்பரை வையுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். ஒரே இடத்தில் மட்டும் உறுமினால் அதற்கடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. வரிசையாக உறுமினால் வளைவு சரியில்லை. முன்னது பழுது, பின்னது ட்ரஸ் ராடில் கால் திருப்பு வேலை. முதல் இரண்டு கம்பிகளிலும் 12 முதல் 17ஆவது ஃப்ரெட் வரை முழு ஸ்வர பெண்ட் செய்து, ஒலி அறுபடாமல் நிற்கிறதா என்று கேளுங்கள். ட்ரஸ் ராடை எட்டில் ஒரு திருப்பு திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் விலையுயர்ந்த கிட்டார் வாங்க வேண்டாம்.

விளிம்பில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனை குத்துகிறதா? ஏ.சி. அறையின் வறட்சியில் மரம் சுருங்கி உலோகம் நீட்டுகிறது. நம் ஈரக்காற்றுக்கு வந்தபின் ஓரளவு அடங்கும், மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். வாங்காமல் போக இது காரணமில்லை. பிரிட்ஜ் சேடில்கள் (ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு துண்டுகள்) ஏற்கெனவே கடைசி வரை தள்ளப்பட்டிருந்தால், அது காரணம். வாரை மாட்டிப் பத்து நிமிடம் நின்று வாசியுங்கள். எடை 3.5 கிலோவாக இருந்தாலும் ஹெட்ஸ்டாக் கீழே சாய்ந்தால் இடது கை நெக்கைத் தூக்கிப்பிடிக்கவே செலவாகும்.

ஆம்ப் போட்டபின் சுத்தமான ஒலியில் தொடங்குங்கள், டிஸ்டார்ஷன் குறைகளை மூடிவிடும். ஸ்ட்ராட் வகையில் 2ஆம், 4ஆம் நிலைகளில் இரைச்சல் தணிய வேண்டும். பழையதில் அது தணியாமலே இருந்திருந்தால், நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று (மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றியது) அல்ல என்று அர்த்தம். பழைய பிக்கப்பைப் புதியதற்குள் பொருத்தும்போது இது முக்கியமாகும். பழையதும் புதியதும் கலந்து ஒலிக்கையில் மூக்கடைத்த, மெலிந்த ஒலி வந்தால் இரண்டும் எதிர்க்கட்டத்தில் உள்ளன. ஒன்றின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். உலோக மூடியோ அடித்தகடோ எர்த் கம்பியோடு இணைந்திருந்தால் அந்த இணைப்பை முதலில் பிரித்துத் தனி எர்த் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டாலே இரையும்.

பழைய கிட்டார் வாங்கினால் கூடுதலாக மூன்று இடம்: கிப்ஸனில் ஹெட்ஸ்டாக்கின் கழுத்தில் மயிரிழை விரிசல், எல்லாவற்றிலும் மிச்ச ஃப்ரெட் உயரம், மின்பகுதியில் மறுபற்றவைப்பு. அமெரிக்கக் கிப்ஸன் என்று சொல்லி ட்ரஸ் ராட் மூடியில் மூன்று திருகு இருந்தால் சந்தேகப்படுங்கள்; அசலில் இரண்டு.

வீட்டுக்கு வந்தபின்

பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைச் செட்டப்புக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்குக் கிட்டார் வாங்குங்கள். ஒரு வாரம் அறையில் இருக்கவிட்டு, பழையதன் கம்பி சைஸையே மாட்டி, உங்கள் சுருதியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் வளைவு: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தினால் ஏழாவதில் 0.25 மி.மீ. இடைவெளி. அடுத்து நட்: மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் கன இடைவெளி போதும். அதிகமிருந்தால் திறந்த கார்டுகள் சுருதி ஏறி ஒலிக்கும், எவ்வளவு ட்யூன் செய்தாலும் சேராது. பிறகு 12ஆவதில் ஆக்‌ஷன், முதல் கம்பிக்கு 1.6, ஆறாவதற்கு 2 மி.மீ. அதன்பின் பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டை அழுத்தி 2 மி.மீ.யில் தொடங்கலாம். ஸ்ட்ராட்டில் காந்தம் மிக நெருங்கினால் தடித்த கம்பிகள் இரட்டைச் சுருதியாக நடுங்கும். இன்டொனேஷன் (நெக் முழுவதும் சுருதி சேரும்படி கம்பி நீளத்தைச் சரிசெய்வது) கடைசியில்தான். மேலே சொன்ன ஒவ்வொன்றும் அதைக் கலைப்பதால், முதலில் செய்தால் மறுபடி செய்ய வேண்டிவரும்.

புது நெக்கின் பளபளப்பு கையில் ஒட்டினால் பின்பக்கத்தை மட்டும் சாம்பல் நிற நார்ப்பட்டையால் நீளவாக்கில் தேயுங்கள். இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துகள்களைப் பிக்கப் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். பலகையின் கூரிய ஓரத்தை உருட்டுவதைக் கைதேர்ந்த பழுதுக்காரரிடம் விடுங்கள். பழையது வசதியாக இருந்ததில் பாதி, வருடக்கணக்கில் விரல் உருட்டிய அந்த ஓரம்தான்.

பழையதை வைத்துக்கொள்வதானால் கம்பிகளை முழுக்கக் கழற்றி வைக்காதீர்கள். ட்ரஸ் ராட் இறுகியே இருக்க, எதிர் இழுவை இல்லாமல் நெக் பின்னால் வளையும். ஒரு முழு ஸ்வரம் இறக்கி, பெட்டியில் ஈரமானியோடு 45 முதல் 55 சதவீதத்துக்குள் வையுங்கள். பேட்டரி சர்க்யூட் இருந்தால் 9 வோல்ட் பேட்டரியை எடுத்துவிடுங்கள், கசிந்தால் அந்தக் குழியே போய்விடும்.